படகின் அடியில் ஓர் ஊழியன்



வாழ்க்கையைக் கடற்பயணத்துக்கு ஒப்பிடாத சொற்பொழிவாளர் இல்லை. புயலைச் சொல்வார்கள்; கலங்கரை விளக்கைச் சொல்வார்கள்; சுக்கானையும் நங்கூரத்தையும் சொல்வார்கள். ஆனால் படகின் அடியில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அது பேசுவதற்கு அழகான பொருளும் அன்று. கறுத்துக் கிடக்கும்; டீசல் நாற்றமும் மீன் நாற்றமும் கலந்து வீசும். ஆயினும் கடலுக்குப் போகிற ஒவ்வொருவருடைய உயிரும் அந்தத் தண்ணீரின் அளவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதை வெளியேற்றும் ஒரு சிறிய பம்பைப் பற்றியும், அதற்கு ஒயர் இழுத்துப் பேணுவது பற்றியும், அது எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

“ஓட்டை இல்லாத படகுக்குள் தண்ணீர் எப்படி வரும்?” என்று உள்நாட்டுத் தோழியர் கேட்கலாம். வரும் வழிகள் பல. மழை பெய்தால் வரும். அலை அடித்துத் தெறித்தால் வரும். மீனைக் கெடாமல் வைக்க ஏற்றிய ஐஸ் உருகி வரும். இவற்றை விட்டாலும் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. இஞ்சினிலிருந்து புறப்படும் நீண்ட இரும்புத் தண்டு, படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்த்தான் விசிறியைச் சுழற்ற வேண்டும். அந்தத் துளையில் தண்டைச் சுற்றிக் கிரீஸ் தோய்ந்த கயிற்றைத் திணித்து, மேலே ஒரு மூடியை வைத்து முடுக்கியிருப்பார்கள். இதைக் கிளாண்டு என்பார்கள். இறுக்கமாக முடுக்கினால் தண்டு உராய்ந்து சூடேறும். தளர்த்தினால் கடல் உள்ளே வரும். ஆகவே தண்டு சுழலும்போது சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி விட்டுவைப்பதே முறை. அந்தச் சொட்டு தண்டைக் குளிரவும் வைக்கிறது. மற்றொரு வழி பலகைகளின் இணைப்பு. மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். நோவா தம் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசினார் என்று தொடக்க நூலில் நாம் படித்தது இந்த வேலையின் உறவுதான். எவ்வளவு திறமையாக அடித்தாலும், அலையில் பலகைகள் அசைய அசைய, பஞ்சு சிறிது சிறிதாகத் தளரும்.

இப்படி வந்த நீரெல்லாம் ஏராவின் மேலே, வங்குகளுக்கு நடுவில், படகின் மிகத் தாழ்ந்த பள்ளத்தில் போய்ச் சேரும். ஏரா என்பது படகின் முதுகெலும்பு. வங்கு என்பது விலா எலும்பு. நீர் சேரும் அந்தப் பள்ளத்தை இக்காலத்தில் எல்லாரும் பில்ஜ் என்றே சொல்கிறார்கள். அதிலிருந்து நீரை இறைப்பது பில்ஜ் பம்பு.

பம்பு வருவதற்கு முன் கைதான் பம்பு. என் தாத்தா சிறுவனாக வள்ளத்தில் ஏறிய நாளில், அவருக்குக் கொடுத்த முதல் வேலை தகர டப்பாவால் தண்ணீர் கோரி ஊற்றுவதுதானாம். வலை இழுக்கத் தெரியாதவனுக்கும் பாய் கட்டத் தெரியாதவனுக்கும் அந்த வேலை. “கடைசி ஆளுக்குக் கொடுக்குற வேலை, ஆனா அவன் தூங்குனா எல்லாரும் தூங்க வேண்டியதுதான்” என்று தாத்தா சொல்வார். இந்தக் கவலை நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. சிராக்யூஸ் நகரத்து அரசன் இரண்டாம் ஹீரோன், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், சிராக்யூசியா என்னும் மாபெரும் கப்பலைக் கட்டினான். அதன் அடித்தட்டு நீரை ஒரே மனிதன் இறைத்துவிடும்படி ஆர்க்கிமிடீஸ் ஒரு திருகுப் பொறியைச் செய்து கொடுத்தார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அதெனேயஸ் குறித்திருக்கிறார். மிதப்பு விதியைக் கண்டவர் என்று நாம் படிக்கும் அதே ஆர்க்கிமிடீஸ்தான்! மிதப்பதற்கு விதி சொன்னவர், மிதந்துகொண்டே இருப்பதற்கு வழியும் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

எங்கள் குடும்பத்துக்கு மரத்தாலான விசைப்படகு ஒன்று உண்டு. அப்பாதான் அதன் டிரைவர். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் தொழில். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்கான அந்த நாட்களே படகுக்கு மராமத்து நாட்களும் ஆகும். படகைக் கரையேற்றிச் சுரண்டுவார்கள், கலப்பத்து அடிப்பார்கள், வண்ணம் பூசுவார்கள். நான் மேனிலை முதலாம் ஆண்டு முடித்திருந்த கோடையில், பழைய பில்ஜ் பம்பு துருவேறிச் செத்துப்போயிருந்ததால், அப்பா புதியது ஒன்று வாங்கி வந்தார். 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவது, தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பது, தேங்காய் அளவுதான் இருக்கும். கூடவே, நீர் உயர்ந்தால் தானாக எழும்பி மின்சாரத்தை இணைக்கும் மிதவைச் சுவிட்ச் ஒன்றும் வந்தது.

ஒயரிங் வேலைக்கு எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வந்தார். பாடத்தில் ஓம் விதி படித்திருந்த ஆவலில் நானும் போவேன் என்றேன். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. “பொட்டப்புள்ளைக்குப் படகுல என்னட்டி வேலை?” என்றார். “கரையில நிக்கிற படகுதானம்மா, வந்து பாக்கட்டும்” என்று அப்பா முடித்துவிட்டார். பத்து நாட்கள், பை நிறையக் கருவிகளைச் சுமந்துகொண்டு, இஞ்சின் அறையின் அடியில் குனிந்தபடி நான் பார்த்ததையும் செய்ததையும்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதல் கேள்வி, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது. கரைக்கு வந்ததும் படகின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பம்பின் ஒயரும் அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால், ஆளில்லாத இரவில் அதுவும் தூங்கிவிடும். கடலில் மூழ்கும் படகுகள் மட்டுமல்ல, கரையில் கட்டிக் கிடக்கையில் மூழ்கும் படகுகளும் உண்டு. ஆகவே தானாக ஓடும் இணைப்பை மெயின் சுவிட்சுக்கு முன்னதாகவே, நேராகப் பாட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் ஒயரில், பாட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால், பாட்டரிக்கும் பியூசுக்கும் இடைப்பட்ட ஒயர் எங்காவது உரசித் தொட்டுவிட்டபோது காப்பாற்ற யாரும் இல்லை, படகு தீப்பற்றும்.

பியூசின் அளவு பம்போடு வந்த தாளில் எழுதியிருக்கும். அதற்கு மேல் போடக் கூடாது. வலைநூல் சுற்றிப் பம்பின் சக்கரம் நின்றுபோனால், மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். அப்போது முதலில் உயிரை விட வேண்டியது பியூஸ், மோட்டார் அன்று. பியூஸ் போனதும் ஒரு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுகிற பழக்கம் வீடுகளில் உண்டு. படகில் அது காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

பியூசைத் தாண்டிய ஒயர் இரண்டாகப் பிரியும். ஒன்று மிதவைச் சுவிட்ச் வழியாகப் பம்புக்குப் போகும்; நீர் உயர்ந்தால் யாரையும் கேட்காமல் பம்பை ஓட்டும். மற்றொன்று வீல்ஹவுசில் உள்ள கைச்சுவிட்ச் வழியாக அதே பம்புக்குப் போகும். மிதவை சிக்கிக்கொண்டாலும் நாமே ஓட்டலாம். இரண்டும் நேர்மின் பக்கத்தில்தான். எதிர்மின் ஒயர் எங்கும் தடைபடாமல் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

இனி ஒயரின் கனம். இங்கேதான் என் பாடப்புத்தகம் உதவிற்று. பாட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் வழியாகப் படகின் பின்புறமாகிய அமரத்துக்கு 8 மீட்டர் தூரம். போக 8, வர 8, ஆக 16 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் மின்தடை. எங்கள் பம்பு இழுப்பது சுமார் 8 ஆம்பியர். கடையில் எளிதில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால், வழியிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு! 4 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு. வோல்ட் குறைந்தால் மோட்டாரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வெளியேறும் நீர் குறையும். வீட்டு விளக்குக்கு 230 வோல்ட் இருப்பதால் ஒன்றரை வோல்ட் போனாலும் நமக்குத் தெரிவதில்லை. படகில் அது தெரியும். நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, “நான் அனுபவத்துல சொல்றதைத் தங்கச்சி கணக்குல சொல்லுது” என்று அண்ணாச்சி மகிழ்ந்தார். கனமான ஒயருக்கு விலை அதிகம் என்று தயங்கிய அப்பாவும் சம்மதித்தார்.

உப்புநீர் செம்புக்குப் பகைவன். அதிலும் நேர்மின் ஒயரில் எங்காவது உறை கிழிந்து நீரில் பட்டால், மின்பகுப்பு நடந்து, செம்பு பச்சை பூத்துக் கரைந்தே போகும். வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் குவளையில் நாம் செய்து பார்க்கும் அதே சோதனை, படகின் அடியில் கேட்பாரின்றி நடக்கும். ஆகவே வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரைத் தேர்ந்தார்கள். இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், அதற்குரிய குழலில் செருகி நசுக்கி இறுக்கி, மேலே பசையுள்ள உறையைச் சூடுகாட்டிச் சுருங்கச் செய்தார்கள். எல்லா இணைப்பும் நீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இஞ்சினின் அதிர்வில் ஒயர் தொங்கி உரசாமல் ஒரு சாணுக்கு ஒரு பிடிப்பு வேண்டும். பிடிப்புகளைப் பொருத்தியவள் நான். எண்ணிப் பார்த்தேன்; நாற்பதுக்கு மேல் இருந்தன.

நீர் போகும் குழாயிலும் கவனம் வேண்டும். பம்பிலிருந்து அது இடையில் தொய்யாமல் மேல்நோக்கியே ஏற வேண்டும். தொய்ந்தால் அங்கே நீர் தங்கிக் காற்று அடைத்துக்கொள்ளும். வெளிவாய் கடல்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். சுமை ஏறிப் படகு தாழ்ந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்தாலும், அந்த வாய் கடலில் முங்கக் கூடாது. முங்கினால், பம்பு நின்ற பிறகு அதே குழாய் வழியே கடல் உள்ளே வந்துவிடும். நாம் வெளியேற்ற வைத்த வழியே பகைவன் நுழையும் வழியாகிவிடும்!

இவ்வளவும் முடிந்த பின் நான் ஒன்று கேட்டேன். பம்புக்கு மின்சாரம் போகும்போதெல்லாம் எரியும்படி வீல்ஹவுசில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு வேண்டும் என்றேன். இஞ்சின் சத்தத்தில் பம்பு ஓடுவது காதில் விழாது. விளக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியுமே! அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பொருத்தினார். படகைக் கடலில் இறக்கும் முன், உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். மிதவை எழுந்தது, விளக்கு எரிந்தது, வெளியே நீர் பீறிட்டது. கீழே நின்ற ஆச்சி, “அந்த வெளக்கு எங்கட்டி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே, வீல்ஹவுசில் மாட்டுவதற்கென்று ஒரு செபமாலையை என் கையில் கொடுத்தார். பனிமய மாதாவின் படத்துக்குப் பக்கத்தில், விளக்குக்கு மேலாக அதை மாட்டினேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விளக்கு எரிவது மின்சாரம் வந்ததற்குத்தான் சாட்சி. தண்ணீர் வெளியேறியதற்குச் சாட்சி ஆகாது. சக்கரம் சிக்கியிருந்தாலும், குழாய் கழன்றிருந்தாலும் விளக்கு எரியும். விளக்கைப் பார்த்தவர் ஒருமுறை வெளியே எட்டி, நீர் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொருத்துவது பத்து நாள் வேலை. பேணுவது ஆண்டு முழுவதும் உள்ள வேலை. வாரம் ஒருமுறை பம்பின் அடியிலுள்ள சல்லடையைக் கழற்றி, செதில், வலைநூல், பஞ்சு, பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றை எடுக்க வேண்டும். மிதவையைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். பாட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளையைத் துடைக்க வேண்டும். வெளிவாயில் ஒட்டும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். கைப்பம்பு ஒன்றும், இரண்டு வாளிகளும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். பாட்டரி செத்தாலும் கை சாகாது அல்லவா?

அவ்வளவு செய்தாலும், பம்பைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கடல்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 2.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளை விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் டாரிசெல்லி சொன்ன விதிப்படி, நீர் விநாடிக்கு ஏறக்குறைய 3.4 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதைக் கழித்தாலும், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். துளை 5 சென்டிமீட்டர் ஆனால், இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. அதாவது 240 லிட்டர்! எங்கள் பம்பின் மேல் எழுதியிருப்பது மணிக்கு 2,000 அமெரிக்க கேலன். நிமிடத்துக்கு 126 லிட்டர் என்று கணக்கு வரும். அதுவும் குழாய் ஏற்றமே இல்லாத போது. உண்மையில் அதைவிடக் குறைவுதான். இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் ஒரு குழாய் பிய்ந்துவிட்டாலே பம்பு தோற்றுவிடும். அதனால்தான் அந்த வால்வின் அருகில், கூம்பாகச் செதுக்கிய மரத்தக்கையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். துளையை அடைப்பதுதான் மருந்து. பம்பு தருவது அதற்கான நேரம் மட்டுமே.

பாட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு. படகு கட்டிக் கிடக்கையில் மணிக்கு ஒரு நிமிடம் பம்பு ஓடினால், நாளைக்கு 3.2 ஆம்பியர்-மணிதான் செலவு. 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அது பெரிதல்ல. இடைவிடாமல் ஓடினாலோ, ஆறு மணி நேரத்தில் பாட்டரி பாதி வற்றிவிடும். பிறகு விடியற்காலையில் இஞ்சினும் கிளம்பாது, பம்பும் ஓடாது. ஆகவே, பம்பு ஓடுகிறதா என்பதைவிட, எத்தனை முறை ஓடுகிறது என்பதே முக்கியமான கேள்வி.

இந்த எண்ணம் வந்ததும், நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கோடு போட்டு, பென்சிலோடு சேர்த்து வீல்ஹவுசில் தொங்கவிட்டேன். விளக்கு ஒருமுறை எரிந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான். “படிச்ச புள்ள நமக்கும் வீட்டுப்பாடம் குடுத்துட்டு” என்று படகு அண்ணன்மார் கேலி செய்தார்கள். ஆனாலும் அப்பா விடாமல் போட்டுவந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து நான் எண்ணிப் பார்ப்பேன். நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு கோடு. மழை நாளில் எட்டு. இதுதான் எங்கள் படகின் இயல்பு என்று விரைவில் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரம், ஏழு, எட்டு, ஒன்பது என்று கோடுகள் கூடின. சனிக்கிழமை பதினொன்று. மழை இல்லை, கடலும் அமைதி, ஐஸும் வழக்கமான அளவுதான். அப்பா கிளாண்டைப் பார்த்தார். அங்கே சொட்டு வழக்கம்போலத்தான் விழுந்தது. ஞாயிறு மாலை, திங்களன்று கடலுக்குப் போகாமல் படகைக் கரையேற்றப் போவதாகச் சொன்னார்.

அது எளிதான முடிவு அன்று. எங்கள் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். படகு போகாவிட்டால் யாருக்கும் அன்றைக்கு ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இன்னொரு வீட்டில் மருத்துவச் செலவு. “பம்புதான் நல்லா ஓடுதே அண்ணே, அடுத்த வாரம் பாத்துக்குவோமே” என்றார்கள். கேட்பதில் நியாயம் இருந்தது. பம்பு உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது. அப்பா நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தார். “ஓடுதுன்னு சந்தோசப்படாதீங்கடே. எதுக்கு ஓடுதுன்னு கேளுங்க” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை படகு கரையேறியது. ஓடாவி தாத்தா சுத்தியல் காம்பால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். அமரத்துக்கு அருகில், இஞ்சின் தண்டு வெளியேறும் இடத்துக்குச் சற்று மேலே நின்றார். விரலால் அழுத்தினார், பஞ்சு ஈரத் திரியாக வெளியே வந்தது. ஒரு முழ நீளத்துக்குக் கலப்பத்து தளர்ந்து போயிருந்தது. வெளியே பூசிய வண்ணம் அதை மூடி மறைத்திருந்தது. பம்பு அதை இன்னும் நன்றாக மறைத்திருந்தது. “வடகிழக்குக் காத்து எழும்புற நேரத்துல இது முழுசாப் பிதுங்கியிருந்தா, உன் பம்பு தாங்காது மக்களே” என்றார் ஓடாவி தாத்தா. நான்கு நாள் வருமானம் போயிற்று. அதற்காக அப்பா அந்த வாரம் தம் பங்கிலிருந்து எடுத்து மற்ற நால்வருக்கும் கொடுத்ததை, அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். படகு மீண்டும் கடலுக்குப் போன நாளில் நோட்டில் விழுந்த கோடுகள் நான்கு.

இறைக்கும் நீரைப் பற்றியும் ஒரு சொல். படகின் அடியில் டீசலும் கிரீசும் கலந்திருந்தால், பம்பு அதையும் சேர்த்தே கடலில் கொட்டும். பெரிய கப்பல்களுக்கு 1973, 1978ஆம் ஆண்டுகளின் மார்ப்போல் உடன்படிக்கை உண்டு. இறைக்கும் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கலாகாது. சிறு படகில் எண்ணெயைப் பிரிக்கும் பொறி இல்லை, மனச்சாட்சிதான் உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் உள்ளன. அவை 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. நாம் பிடிக்கும் மீன் வளரும் வீடு அது. எண்ணெய் உறிஞ்சும் துணியைப் பள்ளத்தில் போட்டுவைத்து, நனைந்ததும் எடுத்துக் கரைக்குக் கொண்டுவருவது அரை மணி வேலைதான். இப்போது எங்கள் படகில் அதற்கும் நோட்டில் ஒரு பத்தி இருக்கிறது.

தோழியரே, இரவு செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்படி நம் சகோதரிகள் கற்பிக்கும்போது, என் சிறுவயதில் அது எனக்குப் பட்டியல் ஒப்பிப்பதாகவே தோன்றியது. அந்த நோட்டை எண்ணத் தொடங்கிய பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. நம் உள்ளத்துக்குள்ளும் நாள்தோறும் சிறிது நீர் சேரத்தான் செய்கிறது. கோபம், பொறாமை, சோர்வு எல்லாம் சொட்டுச் சொட்டாக வரும். அதை இறைத்துவிட நமக்கு வழிகளும் இருக்கின்றன. ஒரு சிரிப்பு, ஒரு பாட்டு, ஒரு தோழியின் தோள், பாவசங்கீர்த்தனத் தொட்டி. இறைத்துவிட்டோம், லேசாகிவிட்டோம் என்று எழுந்து போய்விடுகிறோம். இறைப்பது நல்லதுதான், இறைக்காமல் யாரும் மிதக்க முடியாது. ஆனால் நேற்று ஐந்து கோடு விழுந்த இடத்தில் இன்று பதினொன்று ஏன் என்று கேட்க வேண்டும். அழுகையை அடக்கிக்கொண்டு நன்றாகச் சிரிக்கிற ஒரு தோழி நம் வகுப்பிலேயே இருக்கலாம். அவளுடைய பம்பும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்ன ஆச்சு?” என்று கேட்க ஒருவர் வேண்டும்.

கலிலேயாக் கடலில் புயல் எழுந்து, அலை மோதிப் படகு நீரால் நிரம்பியபோது, நம் ஆண்டவர் பின்னணியத்தில் உறங்கிக்கொண்டிருந்ததாக மாற்கு நற்செய்தியில் படிக்கிறோம். சீடர்களுள் சிலர் பழகிய மீனவர்கள். அவரை எழுப்பும் வரை சும்மா கைகட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு இறைத்துக்கொண்டேதான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நம்பிக்கையும் உழைப்பும் ஒரே படகில் போகிறவை.

வருகிற தடைக்காலத்தில் அந்த ஒயர்களையெல்லாம் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இம்முறை பாட்டரி முனையிலிருந்து பம்பு வரை நானே பார்த்து, நானே கையெழுத்திட வேண்டுமாம். தேர்வு முடிந்ததும் போக வேண்டும். புதிய நோட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கடலுக்குப் போகும் எல்லாப் படகுகளின் அடியிலும் விழித்திருக்கும் அந்தச் சின்ன ஊழியர்களையும், அவற்றை நம்பிப் போகிற நம் தந்தையரையும் தமையன்மாரையும் கடலின் விண்மீனாகிய அன்னை காப்பாராக!